நாட்டுக்கோழிக்கு கம்பெனி தீவனமா, மில் கலவையா, சொந்தக் கலவையா, மேய்ச்சலா? ஈயம், காட்மியம் கணக்கு வச்சு ஒரு ஒப்பீடு

நூறு இருநூறு நாட்டுக்கோழி வச்சு கறியும் முட்டையும் தெரிஞ்ச வீடுகளுக்குக் குடுக்கறவங்க எல்லாருமே ஒரு கட்டத்துல இந்தக் கேள்விகிட்ட வந்து நிப்பாங்க. கம்பெனி தீவனத்தையே மூட்டை மூட்டையா எறக்கறதா, ஊர் மில்லுல அரைச்சுக் குடுக்கற கலவையை வாங்கறதா, சோளம் சோயா வாங்கி நாமளே கலந்துக்கறதா, இல்ல எதுவும் வேண்டாம்னு காலைல தொறந்து விட்டு பொழுது சாய அடைக்கறதா. வழக்கமா இதை மூட்டை விலை, எடை, முட்டை எண்ணிக்கைன்னுதான் பேசுவோம். தீவனம் வழியா கோழிக்குள்ள போற ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம், குரோமியம் பத்தி பேசறது ரொம்பக் கம்மி. ஆனா நம்மகிட்ட தேடி வந்து வாங்கறவங்கள்ல நெறையப் பேர் சின்னக் குழந்தைக்கும், பிள்ளை பெத்தவங்களுக்கும், உடம்பு தேற வேண்டிய பெரியவங்களுக்கும்தான் வாங்கறாங்க, அதனால இந்தக் கணக்கையும் போட்டுப் பாத்துட்டுத்தான் தீவனத்தை முடிவு பண்ணணும்னு நான் நெனைக்கறேன்.

கிருமின்னா நல்லா கொதிக்க விட்டா செத்துரும். மருந்து மிச்சம்னா சில நாள் நிறுத்திட்டு வித்தா கொறையும். உலோகம் எத்தன மணி நேரம் கொதிச்சாலும் அழியாது, காட்மியம் மாதிரி சிலது ஒருதடவை கிட்னில போய் உக்காந்துச்சுன்னா கோழி இருக்கற வரைக்கும் லேசுல வெளிய வராது.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் நெறையப் பேர் தப்பா நெனைச்சுட்டு இருக்காங்க. பிராய்லர்னா கெட்டது, நாட்டுக்கோழின்னா சுத்தம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. உலோகம்னு வந்தா அந்தக் கோடு செல்லாது. பிராய்லர் சுமார் 40 நாள்தான் வாழுது, அதுக்குள்ள மொத்தமா மூணரை கிலோ சுமாருக்கு தீவனம் தின்னு ரெண்டு கிலோ எடைக்கு வந்துருது. முட்டைக்கு வளக்கற லேயர் கோழி ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம் வீதம் 72, 80 வாரம் வரைக்கும் திங்குது, கணக்கு போட்டா 50 கிலோவுக்கு மேல போகும். நம்ம நாட்டுக்கோழி கறிக்கே அஞ்சாறு மாசம் ஆகும், அடை வைக்கற தாய்க்கோழி ரெண்டு மூணு வருஷம் நம்மகிட்டயே இருக்கும். ஒரே மாதிரி தீவனம், ஒரே அளவு காட்மியம் கலந்திருந்தாலும் 40 நாள் தின்னதும் ரெண்டு வருஷம் தின்னதும் ஒண்ணாகாது. அதனால தீவனத்தோட சுத்தம் பிராய்லர்காரங்களை விட நாட்டுக்கோழிக்காரங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம், இதை முதல்ல மனசுல வாங்கிக்கிட்டாத்தான் மேல போக முடியும்.

அடுத்தது, கோழிக்குள்ள போன உலோகம் எங்க தங்குது. நெஞ்சுக்கறி, தொடைக்கறில கம்மியாத்தான் இருக்கும். காட்மியம் கிட்னிலயும் ஈரல்லயும் சேரும். ஈயம் எலும்புக்குப் போகும், முட்டையிடற கோழி எலும்புல இருந்துதான் ஓட்டுக்கு சுண்ணாம்பு எடுக்குது, அப்ப அந்த ஈயமும் கெளம்பி ரத்தத்துக்கு வந்து முட்டைக்கும் கொஞ்சம் போகும். ஐரோப்பிய யூனியன் சட்டத்துல காட்மியத்துக்கு கோழிக்கறில கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஈரல்ல 0.5, கிட்னில 1 வரைக்கும் அனுமதின்னு வச்சிருக்காங்க. கறியை விட ஈரலுக்குப் பத்து மடங்கு, கிட்னிக்கு இருபது மடங்கு. அந்த உறுப்புங்க எவ்வளவு சேத்து வைக்கும்னு இந்த நம்பரே சொல்லிருது.

நம்ம வீட்டுல ஈரலை யாருக்குக் குடுப்போம்? முள் இல்ல, மெத்துனு இருக்கும், ரத்தம் ஊறும்னு குழந்தைக்குத்தான். உணவுல கலக்கற பொருள்களைப் பத்தி முடிவு பண்ற உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் நிறுவனம் ரெண்டோட கூட்டு நிபுணர் குழு 2010ல சொன்னது, ஒரு ஆள் ஒரு மாசத்துக்கு தாங்கக்கூடிய காட்மியம் உடல் எடை கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 15 கிலோ குழந்தைக்கு அது 375. ஈரல்ல காட்மியம் அனுமதிச்ச எல்லையிலேயே, அதாவது 0.5ல இருக்குன்னு வச்சுக்கங்க, 50 கிராம் ஈரல்ல 25 மைக்ரோகிராம் இருக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா மாசத்துக்கு 200, மொத்த அளவுல பாதிக்கு மேல ஈரல்லயே முடிஞ்சுது. அரிசி, கீரை, கிழங்குல இருந்து வேற தினமும் கொஞ்சம் வருது. சாதாரணமா சின்ன வயசு கோழி ஈரல்ல இந்த எல்லையை விட ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும், அதனால பயந்து ஈரலையே விட வேண்டியதில்ல, ஆனா ரெண்டு வருஷத்துக் கோழியோட ஈரலை குழந்தைக்கு ஊட்டறது நான் செய்ய மாட்டேன். ஈயத்துக்கு இப்படி ஒரு எல்லையே கெடையாது, அதே குழு அதே 2010ல ஈயத்துக்கு வச்சிருந்த பழைய அளவை, இது பாதுகாப்புன்னு சொல்ல முடியாதுன்னு திரும்ப எடுத்துக்கிச்சு, ஏன்னா கொஞ்சூண்டு போனாலும் குழந்தைங்களோட மூளை வளர்ச்சியைத்தான் தொடுது.

சரி, தீவனத்துக்குள்ள இது எப்படி வருது. மக்காச்சோளம், கம்பு, சோயா பிண்ணாக்குல பொதுவா கம்மிதான். வர்றது பெரும்பாலும் மண்ணுல இருந்து தோண்டி எடுக்கற சரக்குல, அதாவது டிசிபி (பாஸ்பரஸுக்கும் கால்சியத்துக்கும் போடற டைகால்சியம் பாஸ்பேட்), கல் தூள், கிளிஞ்சல், ஜிங்க், காப்பர் உப்புங்க, பூஞ்சை நஞ்சை உறிஞ்ச டாக்சின் பைண்டர்ங்கற பேர்ல வர்ற களிமண் தூள், அப்புறம் மீன் தூள், எலும்புத் தூள் மாதிரி மிருகச் சரக்குல. ஐரோப்பால முழுத் தீவனத்துக்கு கிலோவுக்கு ஈயம் 5 மில்லிகிராம், ஆர்செனிக் 2, காட்மியம் 0.5, பாதரசம் 0.1ன்னு எல்லை இருக்கு, அளந்து பாக்க இதை ஒரு அளவுகோலா வச்சுக்கலாம்.

ஒரு டன் லேயர் தீவனம் எடுத்துக்கங்க. அதுல கல் தூளும் கிளிஞ்சலும் சேத்து சுமார் 90 கிலோ போகும். அந்தக் கல்லுல ஈயம் 20 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தா, ஐரோப்பால சுண்ணாம்புக்கல்லுக்கு விட்டிருக்கற எல்லையே அதுதான், டன்னுக்கு 1800 மில்லிகிராம் ஈயம் வருது, கிலோவுக்கு 1.8. டிசிபி 15 கிலோ போட்டு அதுல காட்மியம் 10 பிபிஎம்னா கிலோவுக்கு 0.15. ஜிங்க் சல்பேட் டன்னுக்கு கால் கிலோதான், அதுல 100 பிபிஎம் ஈயம் இருந்தாக்கூட கிலோவுக்கு 0.025தான் ஏறும். ஆக எல்லாரும் கெமிக்கல்னு பயப்படற ஜிங்க்கு, தரமான சரக்கா இருந்தா, பெரிய ஆபத்து இல்ல. யாரும் திரும்பிக்கூட பாக்காத கல் தூளுதான் அளவுல பெருசு, அது எந்த ஊர் குவாரியில இருந்து வருது, என்ன தரம்னு கேக்கறவங்கள நான் பாத்ததே கம்மி.

இப்ப நாலு வழியையும் பாப்போம்.

மில் கலவையில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எனக்கு அதிகம் பயம் இருக்கறது இதுலதான். எல்லா மில்லும் மோசம்னு சொல்லல, தரமா பண்றவங்க இருக்காங்க. பிரச்சனை என்னன்னா, மில்லுக்காரர் அன்னன்னைக்கு எது மலிவா கெடைக்குதோ அதைப் போட்டு அரைப்பாரு, அதுல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது. ஒரு மில்லுல மூட்டைங்களைப் பாக்கப் போனப்ப ஜிங்க் சல்பேட் மூட்டை மேல நெல் கதிர் படம் போட்டிருந்துச்சு, வயலுக்குப் போடற ஜிங்க். கேட்டதுக்கு, "ரெண்டும் ஒண்ணுதானுங்க அண்ணா, இது வெலை கம்மி"ன்னு சொன்னாரு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, நெசமாவே அப்படித்தான் நம்பறாரு. ஆனா உரத்துக்குத் தயாரிக்கற ஜிங்க்கும் மயில் துத்தம்ங்கற காப்பர் சல்பேட்டும் கழிவு உலோகத்துல இருந்து, சாம்பல்ல இருந்து எடுத்ததா இருக்கலாம், காட்மியமும் ஈயமும் கூடவே வரும், அதை தீவனத் தரத்துக்கு சுத்தம் பண்ணியிருக்க மாட்டாங்க. மயில் துத்தம் பூஞ்சைக்குன்னு சொல்லி டன்னுக்கு ஒரு கிலோ வரைக்கும் போடறவங்க இருக்காங்க, அதுல ஆயிரம் பிபிஎம் ஈயம் இருக்கற சரக்கா மாட்டிக்கிச்சுன்னா அது ஒண்ணுலயே கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஈயம் ஏறிரும். டிசிபிக்குப் பதிலா வயலுக்குப் போடற ராக் பாஸ்பேட் தூளைப் போடறதும் இதே கதைதான், காட்மியத்தோட ஃப்ளூரைடும் சேந்து வரும், கோழியோட காலு எலும்பும் கெடும்.

இதை விடப் பெருசு புரோட்டீன் சமாச்சாரம். வங்கதேசத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா மில் கலவையில ஏன் இவ்வளவு கவனம் வேணும்னு புரியும். டாக்கா நகரத்துக்குள்ள ஹசாரிபாக்னு ஒரு இடம், நூத்துக்கணக்கான தோல் பதனிடற தொழிற்சாலைங்க ஒரே எடத்துல இருந்துச்சு. தோலை சீவும்போது விழற துண்டு, தூளு எல்லாத்தையும் அள்ளி, வேக வச்சு, வெட்டவெளியில காயப்போட்டு, அரைச்சு, புரோட்டீன் சரக்குன்னு கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் வித்தாங்க. தோலைப் பதப்படுத்தறது குரோமியம் உப்புல, அந்தக் கழிவுல குரோமியம் பிபிஎம் கணக்குல இல்ல, சதவீதக் கணக்குல இருக்கும். ஒரு சதவீதம்னே வச்சுக்கங்க, டன் தீவனத்துல 50 கிலோ அந்தத் தூள் போட்டா அரைக் கிலோ குரோமியம், அதாவது கிலோவுக்கு 500 மில்லிகிராம். அந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தீவனத்துலயும், தின்ன கோழியோட கறி, ஈரல், எலும்பு, மூளைலயும் குரோமியத்தைக் காட்டினாங்க. 2010ல தீவனத்துக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க, 2011ல அந்த நாட்டு உயர் நீதிமன்றம் இந்தத் தீவனத் தொழிலை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, 2017ல தோல் தொழிற்சாலைங்களையே சவார் பக்கம் மாத்தினாங்க, அப்பவும் முழுசா நிக்கலைன்னு பத்திரிகைங்க எழுதிட்டே இருந்தாங்க.

இவ்வளவு நாள் இது எப்படி ஓடுச்சுன்னு கேட்டா, லேப்ல புரோட்டீன் பாக்கற முறைதான் காரணம். சாதாரண பரிசோதனைல நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கி புரோட்டீன்னு எழுதிருவாங்க. தோல்லயும் நைட்ரஜன் நெறைய இருக்கு, அதனால தோல் தூள் பேப்பர்ல பிரமாதமான புரோட்டீனா வரும், கோழிக்கு ஜீரணம் ஆகுதா இல்லையான்னு அந்தப் பரிசோதனை சொல்லாது. 2008ல சீனால குழந்தைங்க பால் பவுடர்ல மெலமைன்ங்கற நைட்ரஜன் நெறைஞ்ச கெமிக்கலைக் கலந்ததும் இதே ஓட்டை வழியாத்தான்.

நம்ம ஊர்ல இது நடக்குதுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல்னு தோல் பதனிடற ஊருங்க நமக்கும் இருக்கு, கழிவும் இருக்கு, சோயா விலை ஏறும்போது மலிவு புரோட்டீனுக்கு ஆசையும் வரும். அதனால மில் கலவைன்னா எனக்கு ஒரே ஒரு கேள்விதான், இதுல மிருகப் புரோட்டீன் என்ன, எங்க இருந்து வந்துச்சு, மூட்டையைக் காட்டுங்க. மூட்டை வாயில தைச்ச சீட்டுல தயாரிச்சவங்க பேரும் பேட்ச் நம்பரும் இல்லாத புரோட்டீன் தூள் எதுவும் வேண்டாம். நீலம் கலந்த சாம்பல் நெறத்துல நார் நாரா ஏதாவது கண்ணுல பட்டா அந்தத் தீவனத்தை ஒரு கிலோகூட எடுக்காதீங்க.

கம்பெனி தீவனத்துக்கு வருவோம். இதுல ஒரு நல்லது, பெரிய அளவுல வாங்கறதால மினரல்ஸ் தீவனத் தரத்துலயே வாங்குவாங்க, சொந்த லேப் இருக்கும், பேட்ச் நம்பர் இருக்கும், ஏதாவதுன்னா கேக்க ஆள் இருக்கு. இன்னொன்னு ஃபைட்டேஸ்னு ஒரு என்சைம் போடறாங்க, சோளம் சோயாவுல பூட்டி வச்சிருக்கற பாஸ்பரஸை அது அவுத்து விடும், அதனால டிசிபி கொறைவாப் போட்டாப் போதும், டிசிபி கொறைஞ்சா அதோட வர்ற காட்மியமும் கொறையும். மூட்டையில ஐஎஸ் 1374ன்னு இருக்கான்னு பாருங்க, கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வச்சிருக்கற நம்பர் அது.

ஆனா கம்பெனின்னா கண்ணை மூடிட்டு நம்பலாம்னும் இல்ல. அமெரிக்காவுல ராக்சர்சோன்னு ஆர்செனிக் சேந்த ஒரு மருந்தை 1940கள்ல இருந்து சட்டப்படியே கோழித் தீவனத்துல போட்டுட்டு வந்தாங்க, ரத்தக்கழிச்சலுக்கும் எடை ஏறவும். அது உடம்புக்குள்ள ஆபத்தில்லாத வடிவத்துலயே வெளிய போயிரும்னுதான் அத்தனை வருஷமும் சொன்னாங்க. 2011ல அவங்க நாட்டு உணவு மருந்து நிர்வாகமே சோதிச்சுப் பாத்து, அது தின்ன கோழியோட ஈரல்ல கேன்சர் உண்டாக்கற வகை ஆர்செனிக் அதிகமா இருக்குன்னு சொன்ன பிறகு விக்கறதை நிறுத்தினாங்க, 2013ல அனுமதியை எடுத்தாங்க, அதே குடும்பத்துல கடைசியா இருந்த நைட்டார்சோன் 2015 கடைசியிலதான் போச்சு. எழுபது வருஷம். அதனால கம்பெனி ஏஜென்ட்கிட்ட ஆர்செனிக் சேர்மம் எதுவும் இல்லைன்னும், ஈயம் காட்மியம் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கான்னும் எழுத்துல கேக்கறதுல தப்பே இல்ல. குடுக்கற கம்பெனியும் இருக்கு, மழுப்பறதும் இருக்கு, அதுலயே யார்கிட்ட வாங்கறதுன்னு பாதி முடிவு ஆயிரும்.

சொந்தக் கலவை. எனக்கு மனசுக்குப் புடிச்சது இதுதான், ஏன்னா என்ன உள்ள போகுதுன்னு நமக்குத் தெரியும். மக்காச்சோளம், கம்பு, சோயா பிண்ணாக்கு, தவிடு எல்லாம் பக்கத்துலயே கெடைக்கும். மிருகப் புரோட்டீனே போடாம சோயா, கடலைப் பிண்ணாக்கு வச்சே ஓட்டிறலாம், அப்ப குரோமியம் பயமும் பாதரச பயமும் ஒரே அடியில போயிருது. கருவாட்டுத் தூள் போட்டே ஆகணும்னா மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீனா பாருங்க, குறைஞ்ச நாள் வாழற மீன்ல பாதரசம் கம்மி. மீன்ல இருக்கற ஆர்செனிக் பெரும்பாலும் தீங்கு கம்மியான வகை, அதைப் பத்திப் பெருசா கவலை வேண்டாம். கணவாய் கழிவு அரைச்ச தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், கணவாயோட குடல் ஈரல்ல காட்மியம் ரொம்ப அதிகம். தவிட்டுல இன்னொரு விஷயம், நெல்லுல இருக்கற ஆர்செனிக் தவிட்டுலதான் கூடுதலா சேரும், மேற்கு வங்கம், வங்கதேசம் மாதிரி நிலத்தடி நீர்ல ஆர்செனிக் இருக்கற பக்கத்துத் தவிடுன்னா யோசிக்கணும், நம்ம ஊர் ரைஸ் மில்லுல எடுக்கறவங்க எந்தப் பக்கத்து நெல்லுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டாப் போதும்.

சொந்தக் கலவையோட பலவீனம், சின்னச் சின்ன எடைங்கள்ல நாம கவனமா இருக்க மாட்டோம். நூறு கிலோ கலவைக்கு மினரல் மிக்சர் கிராம் கணக்குலதான் வரும், கைப்பிடி அளவுல போட்டா ஒரு எடத்துல குவியும், ஒரு எடத்துல இருக்காது. ரெண்டு கிலோ தவிட்டுல முதல்ல மினரலை நல்லா கலந்துட்டு அதை மொத்தத்துல போட்டுப் புரட்டணும். மினரலே போடாம சோளமும் தவிடும் மட்டும் போட்டா இயற்கைன்னு சிலர் நெனைக்கறாங்க, அது உலோகக் கணக்குலயே தப்பு. கால்சியம், இரும்பு, ஜிங்க் பத்தாத உடம்பு ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலா உறிஞ்சும், குடலுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கதவு. நல்ல மினரல் போடறதே ஒரு பாதுகாப்பு.

அப்புறம் மஞ்சள். சளி, கழிச்சல்னா தீவனத்துல மஞ்சத்தூள் போடறது நம்ம பழக்கம், நல்ல பழக்கம்தான். ஆனா மஞ்சளை பளபளப்பா காட்ட லெட் குரோமேட்னு ஒரு மஞ்சள் பெயின்ட் பொடியை பாலிஷ் போடும்போது சேக்கற வேலை தெற்காசியாவுல பல எடத்துல நடந்திருக்கு, வங்கதேசத்துல 2019ல இருந்து அதைப் புடிச்சு நிறுத்தினாங்க, பாட்னா சந்தையில எடுத்த மஞ்சள்லயும் ஆயிரம் பிபிஎம்முக்கு மேல ஈயம் இருந்ததா ஆராய்ச்சி வந்துச்சு. லெட் குரோமேட்ல ஈயமும் குரோமியமும் ரெண்டும் இருக்கு. பாலிஷ் போடாத வெரலி மஞ்சளா வாங்கி நாமளே இடிச்சுப் போடறது கோழிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மேய்ச்சலைப் பத்தி சொன்னா சிலருக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா சொல்லித்தான் ஆகணும். ஆஸ்திரேலியாவுல சிட்னி நகரத்துல வீட்டுத் தோட்டத்துல வளக்கற கோழிங்களையும் முட்டையையும் சோதிச்சு 2022ல ஆராய்ச்சி வெளியிட்டாங்க. வீட்டுக்கோழி முட்டைல ஈயம் சராசரி கிலோவுக்கு 301 மைக்ரோகிராம், கடைல வாங்கின பண்ணை முட்டைல 7.2. நாப்பது மடங்கு. தீவனத்துல வந்ததில்ல, மண்ணுல வந்தது. பழைய வீட்டு பெயின்ட், ஒரு காலத்துல பெட்ரோல்ல கலந்த ஈயம் எல்லாம் மேல்மண்ணுலயே கெடக்குது, கோழி நாள் பூரா அந்த மண்ணைக் கொத்துது, கிளறுது, அதுலயே மண்குளியல் போடுது. நியூயார்க்ல சமூகத் தோட்டங்கள்ல வளத்த கோழி முட்டைலயும் மண்ணுல ஈயம் கூடக்கூட முட்டைலயும் கூடினதைப் பாத்தாங்க.

நம்ம கிராமத்து மேட்டுக்காடு சிட்னி மாதிரி இல்லதான், ஆனா எல்லா எடமும் சுத்தம்னும் சொல்ல முடியாது. இந்தியாவுல ஈயம் கலந்த பெட்ரோல் நின்னது 2000ல, வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தி அடிச்ச பெயின்ட் இன்னும் பழைய கதவு, ஜன்னல், கேட்டுல இருந்து உதிர்ந்துட்டு இருக்கு. பழைய ஹைவே ஓரம், பேட்டரி உடைச்ச எடம், வெல்டிங் பட்டறைப் பின்னாடி, பழைய பெயின்ட் மரத்தை அடுப்புல எரிச்சு சாம்பல் கொட்டற குழி, இங்க எல்லாம் கோழி மேஞ்சா அந்த முட்டைக்கு நாட்டு முட்டைன்னு கூட ரெண்டு ரூபா வாங்க எனக்கு மனசு வராது. ராணிப்பேட்டையில மூடின குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப் போன லட்சம் டன்னைத் தாண்டின குரோமியக் கழிவுக் குவியல் மாதிரி எடங்களைச் சுத்தியும், சாயக் கழிவு, தோல் கழிவு பாஞ்ச நெலத்துலயும் மேய்ச்சல்ங்கற பேச்சே வேண்டாம்.

மத்தபடி பழைய வீடு, ரோடு, பட்டறை எதுவும் பக்கத்துல இல்லாத தோட்டம்னா மேய்ச்சல் அருமையான விஷயம். புழு, கீரை, வெயில் எல்லாம் கோழிக்குக் கெடைக்கும். தீவனத்தை மட்டும் மண்ணுல எறைக்காம தட்டுல வைங்க, மண்குளியலுக்கு நல்ல ஆத்து மணல் ஒரு தொட்டியில போட்டு வைங்க, கொத்தி உள்ள போற மண்ணு கொறையும். தண்ணியும் பாக்கணும், கோழி திங்கற தீவனத்தைப் போல ரெண்டு மடங்கு எடைக்குத் தண்ணி குடிக்குது. ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் குடிதண்ணில நம்ம நாட்டு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், வீட்டுக்குக் குடிக்க ஆகாத போர் தண்ணி கோழிக்கும் ஆகாது.

என் முடிவு இதுதான். குஞ்சு வந்து முதல் ஆறு வாரத்துக்கு நல்ல கம்பெனி ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுத் தீவனம், ஏன்னா அந்த வயசுல சத்து கொறைஞ்சா உலோகத்தையும் அதிகமா இழுக்கும், எடையும் திரும்ப வராது. அதுக்கப்புறம் மிருகப் புரோட்டீன் இல்லாத சொந்தக் கலவை, டிசிபி, கல், மினரல் மூணும் தீவனத் தரம்னு அச்சடிச்ச மூட்டைல இருந்து மட்டும். கூடவே மண்ணு நல்லா இருந்தா சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம் மேய்ச்சல். சொந்தமா கலக்க நேரமும் தராசும் இல்லாதவங்க தயங்காம கம்பெனி தீவனத்துலயே இருங்க, அரைகுறை சொந்தக் கலவையை விட அது மேல். ஊர் பேர் தெரியாத சரக்கு போடற மில் கலவை விலையில எவ்வளவு கம்மியா இருந்தாலும் கடைசி இடம்தான். இருவது முப்பது கோழிதான், நல்ல காடு இருக்குன்னா மேய்ச்சலும் வீட்டுத் தானியமும் கொஞ்சம் மினரலும் போதும்.

விக்கும்போதும் ஒரு பிரிவினை வேணும். ஆறு மாசத்துக் கோழியை குழந்தை இருக்கற வீட்டுக்கும் பிள்ளை பெத்த வீட்டுக்கும் குடுங்க. முட்டை விட்டு முடிஞ்ச ரெண்டு மூணு வருஷத்துக் கோழியை கறிக்கு மட்டும் குடுங்க, ஈரலும் முதுகெலும்பு ஓரம் ஒட்டிட்டு இருக்கற கிட்னியும் எடுத்துட்டு. எலும்பு சூப் பத்தி அடிக்கடி கேக்கறாங்க. இங்கிலாந்துல 2013ல ஆர்கானிக் கோழி எலும்பு சூப்பை அளந்தாங்க, வெறும் தண்ணில லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்த ஈயம் சூப்ல சுமார் 7 ஆச்சு, குடிதண்ணி எல்லையான 10க்கு உள்ளதான். எளங்கோழி சூப் தாராளமா குடிக்கலாம், மண்ணு எப்படின்னு தெரியாத எடத்துல வளந்த கெழட்டுக் கோழி எலும்பை மணிக்கணக்கா கொதிக்க வச்சு கைக்குழந்தைக்குக் குடுக்கறதுதான் வேண்டாம்.

பரிசோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கு, எந்தெந்த உலோகம் பாக்கறாங்க, கட்டணம் எவ்வளவுன்னு முன்னாடியே ஃபோன்ல கேட்டுக்கங்க, அங்க இல்லாததை தனியார் லேப்ல பாத்துக்கலாம். கோழியை சோதிக்கறதை விட சரக்கை சோதிங்க, அதுலயும் கல் தூள், டிசிபி, மேய்ச்சல் மண்ணு மூணு சாம்பிள் முதல்ல, ஈயமும் காட்மியமும் மட்டும் பாத்தாலே பெரும்பாலான விஷயம் தெரிஞ்சுரும். மிருகப் புரோட்டீன் போடறவங்க குரோமியமும் சேத்துக்கங்க. நாலஞ்சு பண்ணைக்காரங்க ஒரே லோடு டிசிபி வாங்கிப் பிரிச்சுக்கிட்டா பரிசோதனைச் செலவும் பிரிஞ்சுரும், நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதைத்தான். ஒவ்வொரு லோடுலயும் அரைக் கிலோ எடுத்து கவர்ல போட்டு, தேதியும் மூட்டை பேட்ச் நம்பரும் எழுதி, அந்த லோடு தின்ன கடைசிக் கோழி வித்து முடியற வரைக்கும் எடுத்து வைங்க.